வயர்லெஸ் வாத்தியார் பதில்கள்

ஒரு பக்கம் எருது விடும் விழா, இன்னொரு பக்கம் ராகி வயலில் யானை. இந்த இரண்டும் சேர்ந்து வரும் மாதங்களில் எனக்கு வாக்கி டாக்கிக் கடிதங்கள்தான் அதிகம். டி.டி.எச். குடை பற்றியும் ஸ்பீக்கர் இரைச்சல் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் எருது விடும் விழாவுக்காக ஆன்லைனில் ஆறு வாக்கி டாக்கி வாங்கினோம். நம்பரை மாற்றிக்கொண்டே போனபோது போலீஸ் பேசுவது தெளிவாகக் கேட்டது. நாங்கள் கேட்கத்தான் செய்தோம். ஒரே ஒரு பையன் மட்டும் "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டான். இது பெரிய தப்பா ஐயா?
— விழாக் குழு உறுப்பினர், காவேரிப்பட்டணம்

இந்த "ஒரே ஒரு பையன்" எனக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறான். எந்த ஊரிலிருந்து எழுதினாலும் பேசியது அவன்தான்!

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை எந்த மெகாஹெர்ட்ஸ் எண்ணை அடித்தாலும் வேலை செய்கிற ரகம் அது. விற்பவருக்கு அது பெருமை. ஆனால் அரசுத் துறைகளும் உரிமம் வாங்கிய கம்பெனிகளும் பேசிக்கொண்டிருப்பது அந்த எண்களுக்குள்தான். உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் இயங்கும் செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்து இருக்கும் விதி. பேசினீர்களா, வெறுமனே கேட்டீர்களா என்பதெல்லாம் அப்புறம்.

சட்டத்தை விடுங்கள். அந்த "டெஸ்டிங்" என்ன செய்திருக்கும் என்று சொல்கிறேன். மாவட்டம் முழுக்கப் பேச வேண்டிய வயர்லெஸ் ஏற்பாட்டில் பொதுவாக மலை உச்சியிலோ உயரமான டவரிலோ ஒரு ரிப்பீட்டர் இருக்கும். கையில் இருக்கும் செட் ஒரு எண்ணில் அனுப்பும். ரிப்பீட்டர் அதை வாங்கி வேறொரு எண்ணில் எல்லோருக்கும் திருப்பிச் சொல்லும். உங்கள் காதில் விழுந்தது இந்த இரண்டாவது எண். அதில் உங்கள் பையன் பட்டனை அமுக்கினால் அவன் குரல் ரிப்பீட்டருக்கும் போகாது, கன்ட்ரோல் ரூமுக்கும் போகாது. யாரும் திட்டவில்லை, எனவே யாருக்கும் கேட்கவில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

ஆனால் இந்தச் செட்டுகள் பேசும் எஃப்.எம். முறையில் ஒரே எண்ணில் இரண்டு சிக்னல் வந்தால் வலுவானது கேட்கும், மற்றது அமுங்கிவிடும். உங்கள் ஊர் ஓடுபாதை ஓரம் பாதுகாப்புக்கு நிற்கும் காவலரின் செட்டுக்கு எது வலு? பல கிலோமீட்டர் தள்ளி மலை மேல் இருக்கும் ரிப்பீட்டரா, நூறடி தூரத்தில் நிற்கும் உங்கள் பையனா? மாடு முட்டி ஒருவர் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கன்ட்ரோல் ரூம் சொல்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் முதலில் செவிடாகிறவர், உங்கள் விழாவைப் பாதுகாக்க வந்த அதே காவலர்தான். பட்டனை அமுக்கியிருக்கும்வரை உங்கள் செட் எதையும் கேட்காது. அதனால் எதன் மேல் ஏறிப் பேசினோம் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் இயங்கும், சக்தி குறைந்த செட்டுகளுக்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவையில்லை. விழாத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேச அது தாராளம். செட்டுக்கு ஈ.டி.ஏ. என்ற அரசு வகைச் சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாக்கி டாக்கி விற்பவர்கள் அலைவரிசை, உரிமம், சான்று விவரங்களைத் தெளிவாகப் போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு விதிகளே வெளியிட்டிருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் அந்த விவரம் இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் கொடுப்பவரிடம் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. குழுவில் நிதானமான ஒருவரை, கையில் உங்கள் செட்டோடு, பந்தோபஸ்து அதிகாரி பக்கத்திலேயே விழா முடியும்வரை நிறுத்துங்கள். உங்கள் செய்தி போலீஸுக்குப் போக அதைவிடச் சிறந்த வயர்லெஸ் கிடையாது.

செட்டில் "பிரைவசி டோன்" போட்டுவிட்டால் நம் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்காது, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா?
— மொபைல் கடை ஊழியர், பாலக்கோடு

நேர் எதிர். டோன் போட்டால் மற்றவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்காது, அவ்வளவுதான். உங்கள் பேச்சு வழக்கம்போல எல்லோருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்தச் சேனலில் வேறு யாரோ அவசரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் செட்டோ அமைதியாக இருக்கும். காலிதானே என்று பட்டனை அமுக்குவீர்கள். பேசுவதற்கு முன்னால் டோனை எடுத்துவிட்டு, செட்டில் மானிட்டர் பட்டன் இருந்தால் அதை அமுக்கி, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள். உங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு செட்டோடும் இதை வாயால் சொல்லி அனுப்பினால் புண்ணியம்.

மார்கழியில் ராகிக் காவலுக்கு நாங்கள் பத்துப் பேர் பரண் கட்டி இருக்கிறோம். வனத்துறைக்காரர்கள் யானை விரட்டும்போது வாக்கி டாக்கியில் பேசுவார்கள். யானையை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நாங்கள்தான். அவர்கள் சேனலிலேயே புகுந்து சொல்லிவிட்டால் நல்லதுதானே?
— விவசாயி, தளி

உங்கள் ஆதங்கம் நியாயமானது. பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக இறங்கி தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று கூட்டம் கூட்டமாக யானைகள் போவது உங்கள் வயல்கள் வழியாகத்தான். கூட்டம் எங்கே பிரிகிறது என்பது பரணில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனாலும் அந்தச் சேனலில் புகாதீர்கள். யானைக் கூட்டத்தை ரோடு தாண்ட வைக்கும்போது ஒருவர் வண்டிகளை நிறுத்தியிருப்பார், ஒருவர் பின்னாலிருந்து பட்டாசு போடக் காத்திருப்பார், ஒருவர் குட்டியோடு பின்தங்கிய யானையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இப்போ வேண்டாம், நில்லு" என்ற ஒரு சொல் சரியான நேரத்தில் போய்ச் சேருவதில்தான் அவர்கள் உயிர் இருக்கிறது. அதன் குறுக்கே உங்கள் "சார், இங்கே மூணு நிக்குது" விழுந்தால் "வேண்டாம்" அடிபட்டு "இப்போ" மட்டும் கேட்கலாம். குரல் தெரியாத ஒருவர் சொன்ன இடம் எது என்று குழப்பம் வேறு.

நான் சொல்வது இது. உங்கள் பத்துப் பேருக்குள் பேச, மேலே சொன்ன 446 செட் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். பரண்களிலிருந்து செய்தி அவருக்கு வரும். அவர் வனச்சரக அலுவலகத்துக்கோ, விரட்டும் குழுவில் உங்கள் ஊருக்குப் பொறுப்பானவருக்கோ போன் செய்வார். அந்த எண்களைக் காவலுக்குப் போகும் முன்பே வாங்கி வைக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் 108, ஆபத்து கைமீறினால் 112.

செய்தியை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது. இந்த மூன்றும் போதும். "ஏரிக்கரைப் புளியமரம், நாலு, கிழக்கே" என்றால் முடிந்தது. பட்டனை அமுக்கியவுடன் பேசாதீர்கள், ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் வார்த்தை வெட்டுப்படும். வெட்டுப்படுவது எப்போதும் ஊர்ப் பெயராகத்தான் இருக்கும், அது என்ன சாபமோ! கண்ணால் பார்க்காததைச் சொல்லாதீர்கள். "வந்துருச்சாம்" என்ற சொல்லை உங்கள் சேனலில் தடை செய்யுங்கள். யானை பக்கத்தில் நிற்கும்போது செட் கரகரவென்று கத்தினால் ஆபத்து, ஆகவே இயர்போன் கட்டாயம். தளிப் பக்கத்துக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வையுங்கள்.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. உயிருக்கு ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்கக் கையில் கிடைத்த எந்த வானொலி வழியையும் பயன்படுத்தலாம், அதை எந்த விதியும் தடுக்காது என்று சர்வதேச வானொலி ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. யானை உங்கள் பரணைச் சாய்க்கும்போது உரிமம் பற்றி யோசிக்க வேண்டாம். அதைச் சாக்காக வைத்து முன்கூட்டியே அவர்கள் எண்ணைச் செட்டில் ஏற்றி வைக்கவும் வேண்டாம்.

எங்கள் ஜல்லிக் குவாரியில் உரிமம் வாங்கிய செட்டுகள்தான். ஆனால் அடிக்கடி சேனல் முழுக்க இஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது, யாரும் பேச முடிவதில்லை. செட் பழுதா?
— மேற்பார்வையாளர், பர்கூர்

செட்டில் பழுதில்லை. யாரோ அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். லாரி டிரைவர் செட்டை சீட்டில் போட்டிருப்பார், அல்லது மைக் பட்டன் சீட் இடுக்கில் மாட்டியிருக்கும். பட்டன் அமுங்கிய நிலையில் இருந்தால் அந்த ஒரு செட் சேனல் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவரிடம் வயர்லெஸில் சொல்லவும் முடியாது, அவர் செட்டுக்குத்தான் காது அடைத்திருக்கிறதே.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு ஜீப் டிரைவர் இப்படி உட்கார்ந்துகொண்டு பாடிய பழைய பாட்டுகளை நாங்கள் எல்லோரும் கேட்டோம். குரல் நன்றாகத்தான் இருந்தது. அதே நேரம் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி சேனலில் போக வழியில்லாமல் போனில் சுற்றிச் சுற்றிப் போனது. பைக்கில் ஆள் அனுப்பி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துத்தான் அவரை எழுப்பினார்கள்.

நேரக் கட்டுப்பாடு என்று ஒரு வசதி பெரும்பாலான செட்டுகளில் இருக்கிறது. ஒரு நிமிடம் என்று வைத்தால், அதற்கு மேல் பட்டன் அமுங்கியிருந்தால் செட் தானாக அனுப்புவதை நிறுத்திவிடும். செட்டுகளை அமைத்துக் கொடுத்தவரிடம் எல்லாவற்றிலும் அதைப் போடச் சொல்லுங்கள். டிரைவர்களுக்குச் செட் மாட்டக் கொக்கி வாங்கிக் கொடுங்கள். மாற்றுச் சேனல் ஒன்றையும் முன்பே பேசி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மின்சார டெட்டனேட்டர் வைத்துத் தோட்டா போடும் இடத்தில் வாக்கி டாக்கி, செல்போன் இரண்டுமே கூடாது. டெட்டனேட்டரின் வயர் ஏரியலைப் போல வேலை செய்து வானொலி அலையை மின்சாரமாக வாங்கிக்கொள்ளும். செட் பக்கத்தில் இருந்தால் நேரத்துக்கு முன்பே வெடிக்க அது போதுமானதாகிவிடலாம். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது செட்டின் சக்தியையும் அலைவரிசையையும் பொறுத்தது, அதை வெடி வைக்கும் பொறுப்பாளர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை செட்டை ஆஃப் செய்து வெளியே வையுங்கள். சும்மா பேசாமல் வைத்திருந்தால் போதாதா என்று கேட்பார்கள். டிஜிட்டல் செட்டுகளில் சில, நீங்கள் பேசாவிட்டாலும் தாமாகவே சிக்னல் அனுப்பும். அங்கே சங்கும் சிவப்புக் கொடியும்தான் சரி.

2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊரே மிதந்தது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் உதவ, பள்ளி மாணவர்களுக்கு வாக்கி டாக்கி கொடுத்து ஒரு குழு அமைக்கலாமா?
— ஆசிரியை, ஊத்தங்கரை

ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் செட்டை மட்டும் கொடுத்தால் அன்றைக்கு நீங்கள் உதவியாக இருக்க மாட்டீர்கள், கூட்டமாக இருப்பீர்கள். மேடம், ஹாம் ரேடியோ பக்கம் வாருங்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும் அமெச்சூர் முறை.

12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம் வாங்கலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் படிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. உரிமம் வந்தால் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். கைச்செட்டில் 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை பேசலாம். போலீஸ் அலைவரிசையில் பேச ஹாமுக்கும் அனுமதி கிடையாது, அதைப் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகக் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். 26ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குத் தொடர்புகளை அப்படியே நிறுத்திவிட்டு, தீவில் இருப்பவர்களைப் பற்றி அவர்கள் உறவினர்களுக்குச் செய்தி சொல்லும் வேலையில் இறங்கினார்கள். பெரிய டவர் எதுவும் இல்லாமல், மேசையில் வைக்கிற செட்டும் ஏரியலும்தான் அவர்களிடம் இருந்தவை.

பிள்ளைகளுக்கு நீங்கள் பழக்க வேண்டியது பேச்சைவிடப் பேசாமல் இருப்பதை. பேரிடர் நேரத்தில் சேனலை ஒருவர் நடத்துவார். அவர் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். உயிர் பற்றிய செய்திக்கு முதலிடம், மருந்து சாப்பாட்டுக்கு அடுத்து, "எங்கள் தெருவிலும் தண்ணீர்" என்பதற்கு இடமே இல்லை. மாதத்துக்கு ஒருமுறை பள்ளி மைதானத்தில் இப்படி ஒத்திகை நடத்தலாம். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்து, கேட்டதைத் தப்பில்லாமல் எழுதிக் காட்டும் பிள்ளைதான் உங்கள் முதல் ஆபரேட்டர். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். போன் வேலை செய்யும்வரை அதுதான் முதலில்.

வத்தல்மலையில் எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் சுமார். ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?
— காப்பித் தோட்டக்காரர், தர்மபுரி

வேண்டாம். மொபைல் பூஸ்டரைத் தனியார் யாரும் தாங்களாக வாங்கி மாட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கடையில் கிடைப்பவற்றில் பல, வெளியே வைத்த ஏரியலும் உள்ளே வைத்த ஏரியலும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு ஊளையிட ஆரம்பித்துவிடும், மைக்கை ஸ்பீக்கர் முன்னால் காட்டினால் வருமே அதே ஊளைதான். அந்த ஊளை கீழே இருக்கும் டவரின் காதை அடைக்கும். உங்கள் வீட்டில் நாலு கோடு சிக்னல் காட்டும், அடிவாரத்து வீட்டில் பிரசவ வலிக்கு 108 கூப்பிடுகிறவருக்கு லைன் கிடைக்காது. உங்கள் நெட்வொர்க் கம்பெனியிடம் வைஃபை காலிங் வசதியைக் கேளுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அது போதும். இல்லையென்றால் டவர் குறைவு என்று எழுத்தில் புகார் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் கொஞ்சம் அசைவார்கள்.

வயர்லெஸில் கண்டபடி பேசுகிறவரைக் கண்டுபிடிக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், அரூர்

முடியும். சிக்னல் வரும் திசையைக் காட்டும் கருவிகள் உண்டு. இரண்டு இடங்களிலிருந்து திசை பார்த்துக் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் உங்கள் விடுதி! ஏன் கேட்கிறீர்கள் தம்பி?

அமெரிக்காவில் இருக்கும் மருமகன் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கி வந்தார். அங்கே லைசென்ஸ் தேவையில்லையாம். ஒகேனக்கல் போகும்போது எடுத்துப் போகலாமா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பென்னாகரம்

அங்கே தேவையில்லை, இங்கே தேவை. அமெரிக்காவில் குடும்பங்கள் பயன்படுத்தும் அந்தச் செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை. நம் நாட்டில் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்ற அலைவரிசையில் அவை வரவில்லை, இங்கே அந்த எண்களை வேறு யாருக்காவது ஒதுக்கியிருக்கலாம். பெட்டியின் பின்பக்கத்தில் எண் அச்சிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் சார். 462 அல்லது 467 என்று இருந்தால் பேட்டரியைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள், மருமகன் திரும்பும்போது கொண்டுபோகட்டும். பிள்ளைகள் அழுதால் 446 செட் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். பரிசல் துறையில் மட்டும் அதையும் பையில் போட்டுவிடுங்கள். அங்கே பிள்ளைகளின் கை பரிசலைப் பிடித்திருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை நீங்களே இழுத்துப் பார்த்து மாட்டுங்கள்.